நடந்து வந்த வெடிச்சத்தம்

அடைக்கலம் செத்த சத்தம் எங்கள் ஊருக்கு வந்து சேர ஐந்து நாள் ஆனது. அவன் செத்ததை நாங்கள் செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கே பார்த்துவிட்டோம்; கல்குழிப் பக்கம் வெள்ளைப் புழுதி பனை உயரத்துக்கு எழும்பி, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு மெல்லச் சாய்ந்து கண்மாயின் மேல் படிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. குழாயடியில் நின்ற பெண்கள் காதை விரலால் குடைந்து பார்த்துக்கொண்டார்கள். டீக்கடை ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அது நன்றாகக் கேட்டது. நாங்கள் கும்பலாக ஓடிப்போய்ப் பார்த்தபோது குழிக்குள் மூன்று பேர் கிடந்தார்கள்: வெடி மேஸ்திரி அடைக்கலம், கல் உடைக்கும் பெரியண்ணன், சவரிமுத்து. சத்தம் இல்லாமல் செத்தவர்களைப் பார்த்து எப்படி அழுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் ஊர் வெள்ளாம்பாறை. குழிக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஆயிரத்து எழுநூறு மீட்டர். இதை நான் சும்மா சொல்லவில்லை, ரஹ்மத்து டீச்சர் சைக்கிள் சக்கரத்தில் சிவப்புத் துணி கட்டி, சுற்று எண்ணி அளந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் முந்நூற்று நாற்பது மீட்டர் தள்ளி மொட்டையன் பாறை செங்குத்தாக நிற்கிறது. அதில் யாரும் ஏற முடியாது, தேனீக்கள் மட்டும் குடியிருக்கின்றன.

வெடி வைப்பதற்கு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. மேஸ்திரி மூன்று தரம் விசில் ஊத வேண்டும். மூன்றாவது விசில் முடிந்ததும் குழிக்குள் இருப்பவர்கள் பாறை மறைவுக்குப் போய் நின்றுகொண்டு, "ஒதுங்கியாச்சோ…" என்று ஒரே குரலில் பதில் கொடுக்க வேண்டும். அந்தப் பதில் வந்த பிறகுதான், குழிக்கு மேலே கொட்டகையில் சூப்பர்வைசர் பொத்தானை அமுக்கலாம். ஒரு காலத்தில் கற்கள் ஊர்வரை பறந்து வந்து கூரையைப் பிய்த்ததால், விசில் கேட்டால் ஊர்க்காரர்களும் அதே பதிலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போவது வழக்கமாகிவிட்டது. கல் பறப்பது நின்று பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் வாய் நிற்கவில்லை. அடுப்படியில் இருப்பவளும் சவரம் பண்ணிக்கொண்டிருப்பவனும் விசில் கேட்டால் கொட்டாவி விடுவது மாதிரி யோசிக்காமல், "ஒதுங்கியாச்சோ" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

குழியை நடத்துகிற கம்பெனி அன்று மாலையே எழுதிக் கொடுத்துவிட்டது. அடைக்கலம் குடித்திருந்தான், விசில் ஊதவே இல்லை, வயரை அவனே தப்பாக இணைத்து வெடிக்கவைத்து, தானும் செத்து மற்ற இரண்டு பேரையும் கொன்றுவிட்டான் என்று. சூப்பர்வைசர் குணசீலன் சாமி படத்தின் மேல் கை வைத்து, "சத்தியமா எனக்கு விசில் கேக்கலங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. யாருக்கும்தான் கேட்கவில்லை.

பெரியண்ணனின் பெண்சாதி பாக்கியம், அடைக்கலத்தின் பெண்சாதி சிலம்பாயிக்கு அடுத்த வீடு. நடுவே ஒரே சுவர், கருவேப்பிலைக்கும் உப்புக்கும் ஒரே ஓட்டை. புதன்கிழமை காலையில் பாக்கியம் அந்த ஓட்டையைச் சாணியும் மண்ணும் குழைத்து அடைத்தாள். அடைத்து முடித்துவிட்டு, சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே சொன்னாள்: "ஒரு விசிலு ஊத அந்தாளுக்கு மூச்சு இல்லாமப் போச்சாடி?" புழுதி எழுந்ததிலிருந்து சிலம்பாயி வாயைத் திறக்கவே இல்லை. சோறு வைத்தால் சாப்பிட்டாள், பாய் போட்டால் படுத்தாள். பெற்ற பிள்ளைகள் இல்லாத வீடு என்பதால் அவளை உலுக்கி அழவைக்கவும் ஆள் இல்லை.

சத்தம் வந்துகொண்டிருக்கிறது என்று முதலில் தெரிந்தது ஒரு கீதாரிக்கு. புதன்கிழமை பத்து இருபதுக்கு அவன் கம்பெனி வேலியோரம் ஆடு ஓட்டிக்கொண்டு போனபோது, தெளிந்த வானத்தின் கீழே, புழுதியே இல்லாமல், ஒரு பெரிய வெடி அவன் முதுகில் அறைந்தது. முன்னால் விசில் கேட்டதா என்று கேட்டோம். நூறு கழுத்து மணிக்கு நடுவே விசிலை எங்கே கேட்பது என்றான். வியாழக்கிழமை அதே நேரம், மோட்டார் கொட்டகையில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவனை அதே வெடி உட்கார வைத்தது. அவனுக்கு மோட்டார் இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரி அறுத்துத் தைத்துக் கொடுத்த மூன்று பேரையும் நாங்கள் சுடுகாட்டில் வைத்து, மேளம் உச்சத்தில் இருந்தபோது, அவர்களைக் கொன்ற வெடி அவர்களுக்கு மேலேயே வந்து வெடித்தது. மேளக்காரர்கள் ஒரு தட்டுத் தவறவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள். இதைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை, மண் தள்ளுகிற வேலை பாக்கி இருந்தது.

ரஹ்மத்து டீச்சர் எட்டாம் வகுப்புக்குப் பத்தொன்பது வருஷமாக ஒலிப் பாடம் நடத்துகிறவர். அன்று சாயங்காலம் சைக்கிளோடு போய் மூன்று இடத்தையும் அளந்துவிட்டு வந்து டீக்கடையில் உட்கார்ந்து சொன்னார். காற்றில் சத்தம் ஒரு விநாடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர் போகும். இந்தச் சத்தம் ஒரு நாளைக்கு முந்நூற்று நாற்பது மீட்டர் போகிறது. நாள் முழுக்கத் தூங்கிவிட்டு, பத்து இருபதுக்கு எழுந்து, ஒரு விநாடி தூரம் நடந்து, நின்ற இடத்தில் முழுசாக ஒலித்துவிட்டு, மறுபடி தூங்குகிறது. சனிக்கிழமை கண்மாய்த் தண்ணீரில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வரும்.

"ஏன் டீச்சர், இப்பிடி?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"எப்ப வரும்னுதான் எனக்குக் கணக்குத் தெரியும். ஏன்னு தெரியாது" என்றார் டீச்சர்.

எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பஸ் எப்போது வரும் என்று தெரிந்தால் போதும், ஏன் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வைத்திருந்தவர்கள் அதைப் பதினொன்றரைக்குத் தள்ளிப்போட்டார்கள். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளைகளின் காதுக்குப் பஞ்சு வாங்கி வைத்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் சத்தம் நிற்கப்போகிற இடத்தில் யாரோ சுண்ணாம்பில் கோடு போட்டார்கள், அதன் மேல் இன்னொருவர் எலுமிச்சம்பழம் வைத்தார், மறுநாள் பார்த்தால் ஆண்கள் அந்தக் கோட்டைச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டினார்கள்.

சனிக்கிழமை கண்மாய்த் தண்ணீர் கொதிக்கிற சோற்றுப்பானை மூடி மாதிரி நடுங்கி, கெண்டைகள் வெள்ளையாக வயிற்றைக் காட்டி மிதந்தன. அதை அள்ள ஊரே போயிருந்தபோது டீச்சர் சிலம்பாயி வீட்டுக்கு வந்தார். அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டார்.

"நான் பேசுறேன்ல, உள்ள அதிருதா? இவ்வளவுதான் சத்தம். ஒண்ணு அதிரும், அது பக்கத்துல இருக்கற காத்தத் தட்டும், அந்தக் காத்து அடுத்த காத்தத் தட்டும். பெருஞ்சத்தமா இருந்தாலும் சின்னச் சத்தமா இருந்தாலும் போற வேகம் ஒண்ணுதான். உன் வீட்டுக்காரர் விசில் ஊதியிருந்தா, அதுவும் வெடிக்கு முன்னாடி இதே வழியாத்தான் வந்துக்கிட்டிருக்கு. நாளைக்கு நாம கேக்கலாம். விசாரணை அதிகாரியையும் வரச் சொல்லியிருக்கேன், பதிவு பண்ற கருவியோட."

சிலம்பாயியின் கை டீச்சர் தொண்டையிலேயே இருந்தது. டீச்சர் தன் விரலை அவள் தொண்டையில் வைத்துப் பார்த்தார். அங்கே எதுவும் அதிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முந்நூறு பேர் மைதானத்தில் கூடிவிட்டோம். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து, சோப்புப்பெட்டி அளவில் ஒரு கருவியைக் கோட்டின் மேல் வைத்தார். குணசீலன் கம்பெனி ஜீப்பில் வந்து ஓரமாக நின்றார். சிலம்பாயியை முன்னால் உட்கார வைத்தோம். பாக்கியம் கூட்டத்தின் கடைசியில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "யாரும் மூச்சு விடக் கூடாது" என்று அதிகாரி மூன்று தரம் சொன்னார், நாங்களும் மூன்று தரம் தலையாட்டினோம்.

பத்து இருபது.

வேலிக்கும் கண்மாய்க்கும் அப்பாலிருந்து, நூல் மாதிரி மெல்லிசாக, ஒரு விசில் தலையைக் காட்டியது. அவ்வளவுதான். அது விசில்தானா என்று மூளை முடிவு செய்வதற்குள் முந்நூறு வாயும் திறந்து, "ஒதுங்கியாச்சோ…" என்றது. எங்களுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஒருவரை ஒருவர் "சும்மா இரு, சும்மா இரு" என்று அதட்டினோம், அந்த அதட்டலில் இரண்டாவது விசில் போயிற்று. மூன்றாவது வந்த மாதிரி இருந்தபோது மறுபடியும் "ஒதுங்கியாச்சோ". ஒரு தாய் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டே தான் கத்தினாள். அதற்குப் பிறகு நாங்கள் போட்ட இரைச்சலில் என்ன வந்தது, என்ன போனது என்று தெரியாமலே வெடி வந்துவிட்டது. பள்ளிக்கூட ஜன்னல்கள் கிடுகிடுத்தன. கூரைப் புறாக்கள் எழும்பின.

அதிகாரி கருவியில் பதிவானதைத் திரும்பப் போட்டுக் காட்டினார். எங்கள் குரல்தான் இருந்தது, அதன் பிறகு வெடி.

"இதுல விசில் எங்க இருக்கு?" என்றார்.

"ஊதாட்டி நாங்க எதுக்குங்கய்யா கத்துறோம்?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"எத்தனை மணிக்கு வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சு கத்தியிருக்கலாம்ல?"

குணசீலன் ஜீப்பில் ஏறினார். பாக்கியம் எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்கு ஒண்ணும் கேக்கல, எல்லாரும் கத்துனாங்க, நானும் கத்துனேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

நாங்கள் அப்போதுதான் சிலம்பாயியைப் பார்த்தோம். அவள் வாய் இன்னும் திறந்தே இருந்தது. ஐந்து நாளாகப் பேசாதவள், புருஷன் ஊதிய விசிலை மறைக்கிற மாதிரி எங்களோடு சேர்ந்து கத்தியிருக்கிறாள். அவள் அந்த வாயைத் தன் கையாலேயே, ஒரு தரம், ஓங்கி அடித்தாள். பிறகு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். எங்களுக்கு வெட்கமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் எதுவுமே இல்லை, நாக்கு மரத்துப்போன மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. வளைகாப்புச் சாப்பாட்டுக்குப் போனோம். தயிர்சாதம் நன்றாக இருந்தது.

டீச்சர் மட்டும் சாப்பிட வரவில்லை. அவர் மைதானத்திலேயே நின்று மொட்டையன் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓடிப்போய் அதிகாரியின் காரை மறித்தார். நாளைக்கு இந்தச் சத்தம் அந்தப் பாறையில் போய் மோதும். பாறை அதை விழுங்காது, திருப்பி அனுப்பும். செவ்வாய்க்கிழமை பத்து இருபதுக்கு இதே கோட்டுக்கு இதே சத்தம் திரும்பி வரும். எதிரொலி என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லும். ஒரே ஒரு தரம், செவ்வாய்க்கிழமை வாருங்கள்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் கேக்காதுங்க சார். ஒவ்வொரு நாளும் பெரிய வட்டமா பரவி மெலிஞ்சுக்கிட்டே வருது. செவ்வாய்க்கிழமை விசில் கொசு பறக்கற அளவுக்குத்தான் இருக்கும். அதோட சரி."

திங்கட்கிழமை மொட்டையன் பாறையின் தேனீ முழுக்கக் கிளம்பி ஒரு மணி நேரம் வானத்தில் சுற்றியது. அதைப் பார்த்து, சத்தம் பாறையைத் தொட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டோம். அன்றிலிருந்து நாங்கள் ஊரை அமைதியாக்கும் வேலையில் இறங்கினோம். எங்களுக்கு அழத் தெரியவில்லையே தவிர வேலை செய்யத் தெரியும். ஆடுகளை நாலு மைல் தள்ளி ஓட்டினோம். கோழிகளைக் கூடையில் போட்டுக் கோணி மூடினோம். பஸ்காரரிடம் சொல்லி, மெயின்ரோட்டு விலக்கிலேயே வண்டியை நிறுத்தச் செய்தோம். லைன்மேன் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கரண்ட்டை நிறுத்தினார். கொலுசுகளைக் கழற்றி ஒரு சொம்பில் போட்டு, சொம்புக்குள் துணியைத் திணித்தோம். கடைசியாக வாய். அதை நம்ப நாங்கள் தயாராக இல்லை. முந்நூறு பேரும் ஆளுக்கொரு துண்டை, முந்தானைக் கிழிசலை, பிள்ளைகளின் சட்டையை எடுத்துப் பந்தாகச் சுருட்டி வாய்க்குள் திணித்து, மேலே ஒரு கட்டுக் கட்டிக்கொண்டோம். சிலம்பாயி அடைக்கலத்தின் தலைத்துண்டை எடுத்து வந்திருந்தாள். அதைத் துவைக்கவில்லை போலிருக்கிறது, கல்தூள் வெள்ளையாக உதிர்ந்தது.

அதிகாரி வந்தார். எங்களைப் பார்த்துவிட்டு, கருவியைக் கோட்டின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பத்து பதினெட்டுக்குக் குணசீலனின் ஜீப் மைதானத்துக்குள் வந்து நின்றது. நின்றதே தவிர என்ஜின் நிற்கவில்லை. டுகுடுகுடுகு என்று மைதானமே அதிர்ந்தது. அதிகாரி கையை ஆட்டினார். குணசீலன் காதில் கை வைத்து, கேட்கவில்லை என்று சைகை காட்டினார். எங்களுக்கு வாய் கட்டியிருந்தது. கட்டை அவிழ்த்துக் கத்தினால் எல்லோரும் அவிழ்ப்பார்கள், அவிழ்த்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

கூட்டத்தின் கடைசியிலிருந்து பாக்கியம் வந்தாள். ஓடவில்லை, ஓடினால் சத்தம் வரும் என்று வெறுங்காலை எடுத்து எடுத்து வைத்து வந்தாள். வாயில் கட்டோடு ஜீப்புக்குள் கையை விட்டு, சாவியைத் திருகி உருவி, தன் ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். அவளுக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதிரி ஓர் அமைதியை நாங்கள் கேட்டதில்லை. பிறகு மொட்டையன் பாறைப் பக்கமிருந்து, எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து, விசில் வந்தது. ஒன்று. முந்நூறு தொண்டையும் துணிக்குள் முட்டி நின்றது. சிலருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அது மூச்சு முட்டியதால். இரண்டு. அடைக்கலம் இரண்டாவது விசிலை எப்போதும் கொஞ்சம் இழுத்து முடிப்பான், இதுவும் இழுத்து முடிந்தது. மூன்று.

மூன்றுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. குழிக்குள்ளிருந்து பதில் இல்லை. அன்றைக்கு நாள் கணக்கில் நடக்க ஆரம்பித்த சத்தம், அறுபது அடிக்குக் கீழே நின்ற பெரியண்ணனுக்கே போய்ச் சேரவில்லை என்பது அந்த இடத்தில், நின்றபடியே, எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. அடைக்கலம் ஊதியிருக்கிறான். விசிலுக்குத்தான் காலில்லாமல் போயிருக்கிறது.

பிறகு அவன் குரல் கேட்டது. குழிக்குக் கத்தினான்: "ஏ பெரியண்ணே! சவரி! பதிலு குடுங்கப்பா! கேக்கலயா?"

கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு வேறு பக்கம் திரும்பிக் கத்தினான்: "குணசீலன் சார்! கீழேருந்து பதிலு வரல! அமுக்கிறாதீங்க! நான் எறங்கிப் பாத்துட்டு வாரேன்!"

கல்லில் செருப்பு சரசரக்கிற சத்தம். பத்துப் பன்னிரண்டு அடி. அவன் சறுக்கி, சமாளித்து, "அட" என்றான். பிறகு வெடி. அது மெலிந்துதான் வந்தது, தூரத்தில் கதவைச் சாத்திய மாதிரி.

அதிகாரி கருவியை எடுத்து, காதில் வைத்து, முதலிலிருந்து கேட்டார். தலையைத் தூக்காமல் எழுத ஆரம்பித்தார். குணசீலன் முன்னால் வந்தார். "சார், சத்தியமா எனக்கு அது கேக்கல சார். விசிலும் கேக்கல, அவன் கூப்பிட்டதும் கேக்கல."

பாக்கியம் வாய்க்கட்டை அவிழ்த்தாள். "பதிலாவது கேட்டுச்சா?" என்றாள்.

குணசீலன் அவளைப் பார்த்தார்.

"விசிலும் கேக்கல, பதிலும் கேக்கல. அப்புறம் எதக் கேட்டுய்யா பொத்தான அமுக்குன?"

லோடு ஏத்த வண்டி நின்றுகொண்டிருந்தது என்றார் குணசீலன். மணி ஆகிவிட்டது என்றார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். பாக்கியம் சாவியை எடுத்து மண்ணில் போட்டாள். பிறகு சிலம்பாயிக்குப் பக்கத்தில் வந்து, தொடாமல், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

"சுவத்த இன்னிக்கே இடிச்சுர்றேன்" என்றாள்.

சிலம்பாயி வாயிலிருந்த தலைத்துண்டை எடுத்தாள். உதட்டில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. ஏழு நாள் கழித்து அவள் பேசியது டீச்சரிடம்தான்.

"டீச்சர், இங்கேருந்து நான் கத்துனா, குழிக்குப் போக எத்தன நாளாகும்?"

டீச்சர் கண்மாயைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். "நாளு இல்ல சிலம்பாயி. இப்ப எல்லாம் பழையபடிதான். அஞ்சு விநாடி."

"அஞ்சு விநாடியா?"

"அஞ்சு."

சிலம்பாயி எழுந்து சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்று, குழி இருக்கிற திசைக்குத் திரும்பி, வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, அவன் காத்திருந்து வராத பதிலைக் கொடுத்தாள்.

"ஒதுங்கியாச்சோ…"

பிறகு விரலை மடக்கி எண்ணினாள். இரண்டாவது விரலில் அவள் குரலே மொட்டையன் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. மூன்று. நான்கு. ஐந்தாவது விரலை மடக்கி, கையை மூடி, போய்ச் சேர்ந்தது என்கிற மாதிரி ஒரு தரம் தலையை ஆட்டினாள். பிறகு அடுத்த கையை எடுத்தாள். அங்கிருந்து ஏதாவது திரும்பி வருவதாக இருந்தால் அதற்கும் ஐந்து விநாடி வேண்டும். அதையும் ஒவ்வொன்றாக எண்ணி முடித்தாள்.

ஒன்றும் வரவில்லை. சிலம்பாயி இரண்டு கையையும் மூடியபடி மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகை எங்கள் எல்லோருக்கும் உடனே கேட்டது.